தீபாராதனைக்காக நின்ற தொட்டி

தட்டில் வளரும், தொட்டியில் சாகும். ஓசூரில் மூன்று வருடம் என்ன வேலை பார்த்தாய் என்று யாராவது கேட்டால் இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவேன். மேற்கொண்டு கேட்டால் எனக்கு எரிச்சல் வரும். எரிச்சல்படுவது என் சுபாவம். அதை என் அம்மாவே பத்துப் பேர் முன்னால் சொல்வாள். அந்தச் சுபாவத்தால் ஒரு மனிதருக்கு நான் செய்த காரியத்தை எழுதிவிட வேண்டும் என்றுதான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

இரண்டாயிரங்களின் கடைசி வருடங்கள் அவை. தொழிற்பேட்டையில் கியர் வெட்டும் பட்டறை ஒன்றுக்கும் அட்டைப்பெட்டிக் கம்பெனி ஒன்றுக்கும் நடுவே எங்கள் கொட்டகை. அதற்கு முன்னால் அங்கே நட்டு போல்ட்டு செய்துகொண்டிருந்தார்களாம். தரையில் எண்ணெய்க் கறை போகவே இல்லை. கறைமேல் பளபளவென்று புதுத் தரை பாவி, கண்ணாடித் தடுப்பு வைத்து, காற்றை வடிகட்டும் இயந்திரம் மாட்டி, உள்ளே கணையச் செல் வளர்க்கிறோம் என்று உட்கார்ந்தோம். பெங்களூரில் வாடகை கட்டுபடியாகாமல் எல்லைக்கு இந்தப் பக்கம் ஒதுங்கிய கம்பெனி. நான் விருதுநகர்ப் பக்கத்துக்காரி. படித்த படிப்புக்கு வேலை பெங்களூரில்தான் என்று மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பி, எல்லைக்குக் கொஞ்சம் முன்னாலேயே இறங்கிவிட்டவள்.

வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். நம் கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்கள் உண்டு. சில பேருக்கு, பெரும்பாலும் சின்ன வயதிலேயே, உடம்பு தன் சொந்தச் செல்களையே எதிரி என்று நினைத்து அழித்துவிடும். அதற்குப் பிறகு ஆயுள் முழுக்க ஊசிதான். அழிந்த செல்களுக்குப் பதிலாகப் புதுச் செல்களை வெளியே வளர்த்து உள்ளே வைக்க முடியுமா என்பது உலகம் முழுவதும் ஆராய்ச்சிக்காரர்கள் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்த கேள்வி. எதுவாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல்லை எடுத்து, ஒரு மாதம் போல நாளுக்கொரு தீனி கொடுத்து, படிப்படியாகக் கணையச் செல்லாகப் பழக்க வேண்டும். உள்ளங்கை அகலத் தட்டில் இதை ஓரளவு செய்யலாம். நானே செய்திருக்கிறேன். கடைசி நாளில் ஒரு சாயத்தை ஊற்றினால் இன்சுலின் இருக்கிற செல்கள் சிவப்பாகும். முதல் தடவை அந்தச் சிவப்பைப் பார்த்த அன்று நான் ஓசூர் பேருந்து நிலையம் வரை நடந்தே போய் ஊருக்கு போன் பண்ணினேன்.

ஆனால் ஒரு ஆளுக்கு வேண்டிய செல்களைத் தட்டில் வளர்ப்பதென்றால் கொட்டகை முழுக்கத் தட்டாக அடுக்க வேண்டும். அதற்குத்தான் தொட்டி. தொட்டி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மூன்று லிட்டர் கண்ணாடி ஜாடி. அடியில் மெதுவாகச் சுற்றும் ஒரு துடுப்பு. உள்ளே இளஞ்சிவப்புத் திரவத்தில் செல்கள் ரவை ரவையாகத் திரண்டு மிதந்துகொண்டிருக்கும். துடுப்பு வேகமாகச் சுற்றினால் செல்கள் அடிபட்டுக் கிழியும். மெதுவாகச் சுற்றினால் கீழே இறங்கி ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். கட்டியின் நடுவில் மாட்டிக்கொண்டவை மூச்சு முட்டிச் சாகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் உண்டு. அதைக் கண்டுபிடிக்கவே ஒரு வருடம் போயிற்று.

மீதி இரண்டு வருடம் எதில் போயிற்று என்றால், எல்லாவற்றிலும் போயிற்று. ஒரு தடவை பூஞ்சை பிடித்தது. ஒரு தடவை பக்கத்துப் பட்டறையில் புதிதாகப் போட்ட அழுத்து இயந்திரம் தடதடவென்று அதிர, எங்கள் கருவி தன் எண்களை மறந்து உளறியது. மூன்றாம் தடவை எல்லாம் சரியாக நடந்து, கடைசி நாள் சாயம் ஊற்றினால் பத்தில் ஒன்றுகூடச் சிவக்கவில்லை. ஏன் என்று இன்றுவரை தெரியாது. இதற்கு நடுவில் மின்வெட்டு. அந்த வருடங்களில் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் முதலாளி கிரானைட் வியாபாரத்தில் இருந்து வந்தவர். மாதத்துக்கு ஒரு முறை வந்து கண்ணாடி வழியே எட்டிப் பார்த்துவிட்டு, "தட்டுல வந்தது ஜாடில ஏம்மா வர மாட்டேங்குது? இட்லி மாவு கரைக்கிற மாதிரிதானே?" என்பார். எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கும்.

முதலில் சொன்னேனே, அந்த மனிதரைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். ஜெனரேட்டர், ஏசி, கம்ப்ரஸர், தண்ணீர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவர். நாற்பது வயதிருக்கும். கெலவரப்பள்ளி அணைப் பக்கத்துக் கிராமம். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், லாரிக்காரர்களிடம் கன்னடம். அவருடைய அப்பா காலம் வரை மற்றவர் தோட்டத்தில் கூலி. தொழிற்பேட்டை வந்த பிறகு இவர் முதலில் ஒரு வண்டி உதிரிபாகத் தொழிற்சாலையில் இருந்துவிட்டு எங்களிடம் வந்தார். விளக்கு ஒரு தடவை மினுக்கினாலே போதும், மின்சாரம் போவதற்குள் ஜெனரேட்டர் பக்கம் போய் நிற்பார். அவர் இல்லையென்றால் எங்கள் தொட்டி ஒரு வாரம்கூட ஓடியிருக்காது. நான் அவரை அண்ணே என்பேன். அவர் என்னை மேடம் என்பார்.

அவருக்கு ஒரே மகள். பதினொரு வயது. ஆறு வயதிலிருந்து இன்சுலின் ஊசி. இதை அவர் என்னிடம் சொன்னது வேலைக்குச் சேர்ந்து பல மாதம் கழித்து. அதுவும் ஒரு சந்தேகம் கேட்பதற்காக.

"மேடம், ஊர்ல கரண்டு நாள்ல பாதி நேரம் இருக்கறதில்லீங்க. ஃப்ரிட்ஜும் இல்ல. பாப்பா மருந்து பாட்டிலை மண்பானையில ஈர மணல் போட்டு வெச்சிருக்கறோம். அது கெட்டுப் போவுங்களா?"

போகாது, நல்ல யோசனைதான் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். அன்று எனக்கு மனசு நன்றாக இருந்தது. தட்டில் மறுபடி நல்ல சிவப்பு வந்த வாரம் அது. அவரைக் கண்ணாடித் தடுப்புப் பக்கம் கூட்டிப்போய், உள்ளே மிதக்கிற ரவையைக் காட்டி, "இது என்ன தெரியுமாண்ணே? உங்க பாப்பா உடம்புல இல்லாதது இதுதான். இதை உள்ள வெச்சா ஊசியே வேண்டாம்" என்றேன்.

அவர் கண்ணாடியில் நெற்றி படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். "எப்போங்க மேடம்?" என்றார்.

"மொதல்ல இது ஓடட்டும். பாப்போம்" என்றேன்.

எலி, அதற்குப் பிறகு பெரிய மிருகம், அதற்குப் பிறகு எத்தனையோ வருடம், எத்தனையோ அனுமதி, அப்போதும் உடம்பு ஏற்றுக்கொள்ளுமா என்று யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் நான் சொல்லவில்லை. சொல்ல நேரம் இல்லாமல் இல்லை. பெருமையடித்துக்கொண்டிருக்கும்போது யார்தான் அதையெல்லாம் சொல்வார்கள். அன்றிலிருந்து அவர் வந்ததும் முதலில் தொட்டியைப் பார்ப்பார், பிறகுதான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து போடுவார். நான் அதைப் பார்த்து, பரவாயில்லையே, ஆள் பொறுப்பாக இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

நான்காவது முறை தொட்டி போட்டபோது முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். உட்காரவைத்துப் பேசினாலே நல்ல சேதி இல்லை. பெங்களூரில் ஒரு ஆய்வுக்கூடத்தில் எலிகளில் வைத்துப் பார்க்க ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கேட்ட அளவு செல் இந்த முறை தொட்டியிலிருந்து வர வேண்டும். வந்தால் தொடரலாம். வராவிட்டால் இழுத்து மூடிவிட்டுக் கொட்டகையை வேறு யாருக்காவது விட்டுவிடுவதாகச் சொன்னார். இதை நான் அண்ணனிடமும் சொன்னேன், ஜெனரேட்டர் விஷயத்தில் கவனமாக இருக்கட்டும் என்று. அவர் தலையாட்டினார். மறுநாள் நெற்றியில் பெரிய குங்குமத்தோடு வந்தார். வரும் வழியில் கோயிலில் வேண்டிக்கொண்டு வந்ததாகச் சொன்னார்.

அந்தத் தொட்டி நன்றாக ஓடியது. அதை நினைத்தால்தான் இன்னமும் வயிறு எரிகிறது. முதல் வாரம், இரண்டாம் வாரம், மூன்றாம் வாரம். ரவைகள் உருண்டையாக, ஒரே அளவாக, ஒட்டாமல் மிதந்தன. நடுவில் எடுத்துப் பார்த்த சோதனைகள் எல்லாம் தட்டில் பார்த்ததைவிட நன்றாக இருந்தன. இன்னும் எட்டு நாள் இருந்தது. ஆயுத பூஜை வந்தது.

வெளியூர்க்காரர்களுக்கு ஓசூர்ப் பக்கத்து ஆயுத பூஜை புரியாது. தீபாவளி, பொங்கல் எல்லாம் வீட்டுக்கு. ஆயுத பூஜைதான் தொழிற்சாலைக்கு. பூஜையன்று விடுமுறை என்பதால் முந்தின நாளே எல்லாக் கம்பெனியிலும் இயந்திரங்களைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள். வருடம் பூராவும் உழைத்த இயந்திரம் அன்று ஓய்வெடுக்க வேண்டும். ஐயர் வந்து தீபாராதனை காட்டி, பூசணிக்காய் உடைத்த பிறகுதான் மறுபடி ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்கள். நடுவில் யாரும் சுவிட்சைத் தொடமாட்டார்கள். தொட்டால் அந்த வருடம் இயந்திரம் யார் கையையாவது கேட்கும் என்பார்கள். அழுத்து இயந்திரத்தில் விரலைக் கொடுத்தவர்கள் நிறையப் பேர் இருக்கிற ஊரில் இதைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது.

நான் கண்டிப்பாகச் சொன்னேன். தொட்டி இருக்கிற அறைக்குள் பூ, சந்தனம், கற்பூரம் எதுவும் கூடாது. யாரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த முந்தின நாள் காலையில் நான் பெங்களூர் கிளம்பும்போது அண்ணன் வாசலில் நின்றார். வெளிநாட்டிலிருந்து செல்களுக்கான கடைசிக் கட்டத் தீனி விமானத்தில் வந்திருந்தது. உலர்பனிக்கட்டியில் வைத்த பெட்டி. அன்று எடுக்காவிட்டால் தசராவுக்கு எல்லாம் மூடிவிடுவார்கள், பனி கரைந்து பெட்டி வீணாகிவிடும். நான் அவசரத்தில் இருந்தேன்.

"மேடம், எல்லா மெஷினுக்கும் பண்றோம். இதுக்கு மட்டும் பண்ணாம வுட்டா நல்லாருக்காதுங்க."

"அண்ணே, உள்ள போகக் கூடாது."

"உள்ள வேணாங்க. வெளிய பேனல் இருக்குதுல்ல, அதுல பொட்டு வெச்சு காட்டிடலாம். ஒரு செகண்டு நிறுத்தி ஓட்டிட்டாப் போதுங்க. ஓடிக்கினு இருக்கற மெஷினுக்குக் காட்டக் கூடாதுங்க."

துடுப்பை நிறுத்தவும் ஓட்டவும் உள்ள பொத்தான் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே, நடைபாதைச் சுவரில் மாட்டிய அந்தப் பேனலில் இருந்தது. மின்வெட்டு வந்து ஜெனரேட்டர் எடுக்கும் வரை சில நிமிஷம் துடுப்பு நிற்பது வழக்கம்தான். நின்றால் என்ன ஆகும் என்று ஒரு தடவைகூட நான் அவருக்கு விளக்கியதில்லை. நிற்கக் கூடாது என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். கார்க்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

"பத்து நிமிஷம். அதுக்கு மேல கூடாது" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

பெங்களூரில் தீனிப் பெட்டி கைக்கு வரவே மதியம் ஆகிவிட்டது. திரும்பும்போது எல்லையில் வண்டிகள் கண்ணுக்கு எட்டிய தூரம் நின்றன. லாரி, பஸ், ஆட்டோ எல்லாவற்றிலும் வாழைக்கன்று, மாலை. சோதனைச் சாவடியில் ஒருவர் என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். வேண்டாம், திறந்தால் குளிர் போய்விடும் என்றேன். அதற்காகவே திறந்தார். வெள்ளைப் புகை எழும்ப, நான்கு பேர் பின்னால் குதித்தார்கள். அதற்குப் பிறகு என்னைச் சும்மா விடுவார்களா. இது என்ன மருந்து, வெடிக்குமா, ஏன் புகைகிறது, எங்கள் பெரிய அதிகாரி வரட்டும். பெரியவர் பூஜைக்குப் போயிருந்தார். நான் தமிழில் கத்தினேன், அவர்கள் கன்னடத்தில் கத்தினார்கள். செல்போனை எடுத்தால் அது கர்நாடகத்துச் சிக்னலைப் பிடித்துக்கொண்டு, பேலன்ஸ் போதாது என்றது. அந்தக் காலத்தில் எல்லையைத் தாண்டினாலே ரோமிங். பேலன்ஸ் இல்லையென்றால் வெளியிலிருந்து வரும் அழைப்பும் வராது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தொழிற்பேட்டைக்குள் நுழைந்தபோது மணி ஐந்து. தெருவெல்லாம் உடைந்த பூசணி, குங்குமத் தண்ணீர். ஒவ்வொரு கேட்டிலும் ஆட்கள் பொரிப் பொட்டலத்தோடு சிரித்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் கேட்டில் யாரும் சிரிக்கவில்லை. உதவிக்கு இருந்த இரண்டு பெண்களும் ஊருக்குப் பஸ் பிடிக்க மதியமே போயிருந்தார்கள். முதலாளி தன் கிரானைட் பட்டறைப் பூஜைக்குப் போயிருந்தார். நடைபாதையில் அண்ணன் மட்டும் நின்றார். பேனலுக்குச் செவ்வந்தி மாலை போட்டிருந்தது. பக்கத்தில் தட்டில் தேங்காய், பழம், கற்பூரம் எல்லாம் எடுத்துவைத்தது எடுத்துவைத்தபடி. கண்ணாடிக்கு உள்ளே தொட்டி அசையாமல் இருந்தது.

நடந்தது இதுதான். ஒன்றரை மணிக்கு ஐயர் கேட்டுக்குள் காலை வைத்திருக்கிறார். அவரைப் பார்த்ததும் இவர் பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டார். அதே நிமிஷம் அட்டைப்பெட்டிக் கம்பெனி முதலாளி, எங்களுக்குத்தான் முதலில் சொன்னீர்கள் என்று ஐயரைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்விட்டார். அங்கிருந்து கியர் பட்டறை, அங்கிருந்து எதிர்த் தெரு. ஒரே ஐயருக்கு அன்று ஊர்ப்பட்ட கம்பெனி. இதோ வருகிறேன், இதோ வருகிறேன் என்றே சொல்லியனுப்பியிருக்கிறார். பேனலில் எச்சரிக்கை மணி கூவியிருக்கிறது. நான் கற்றுக்கொடுத்தபடியே இவர் ஒலியை நிறுத்தியிருக்கிறார். என்னை நான்கு தடவை போனில் கூப்பிட்டிருக்கிறார். பூஜைக்கு நிறுத்திய இயந்திரத்தைத் தீபாராதனை இல்லாமல் ஓட்டுவதற்கு அவருக்குக் கை வரவில்லை. வேறு எந்த இயந்திரமாக இருந்தாலும் ஓட்டியிருப்பாரோ என்னவோ, மகளுக்காக வேண்டிக்கொண்ட இந்த ஒன்றில் தெய்வக்குற்றம் வர விட அவர் தயாராக இல்லை.

"ஐயரு வந்துட்டாருங்க மேடம், கேட்டாண்ட வர்றாரு. ஒரு நிமிஷம், காட்டிட்டு ஓட்டிடலாம்" என்றார். உண்மையாகவே பின்னால் மணிச் சத்தம் கேட்டது.

நான் அவரைத் தள்ளிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். துடுப்பு அசைந்தது. அடியில் மூன்றரை மணி நேரமாகப் படிந்திருந்தது தயிர் உறைந்த மாதிரி ஒரே கட்டியாகத் திரும்பி, சாய்ந்து, மறுபடி படுத்தது. மூன்று வாரம் தனித்தனியாக மிதந்தவை எல்லாம் அந்தக் கட்டிக்குள் இருந்தன.

அப்போதுதான் அதைச் சொன்னேன். அதுவரை ஒரு நாளும் அவரை நீ என்று கூப்பிட்டதில்லை.

"உன் பொண்ணுக்கு வர வேண்டியதை நீயே உன் கையால கொன்னுட்ட."

அது பொய். சொல்லும்போதே எனக்குத் தெரியும். அந்தத் தொட்டியில் இருந்து ஒரு செல்கூட அவருடைய மகளுக்குப் போகப்போவதில்லை. போனால் எலிக்குப் போகும். ஆனால் எனக்கு வலித்த அளவுக்கு அவருக்கும் வலிக்க வேண்டும் என்று இருந்தது. அதற்கு எந்த வார்த்தை வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. ஐயர் தட்டோடு வந்து நின்று இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, கற்பூரத்தை ஏற்றாமலே போனார்.

அடுத்த எட்டு நாள் நான் முயன்றேன். கட்டியைப் பிரித்தேன், வடிகட்டினேன், பிழைத்ததைத் தேற்றினேன். கடைசி நாள் சாயத்தில் அங்கங்கே சில சிவப்புப் புள்ளிகள், மீதியெல்லாம் சாம்பல் நிறம். அறிக்கையில் மின்தடையால் துடுப்பு நின்றது என்று எழுதினேன். அவரைக் காப்பாற்றத்தான் அப்படி எழுதினேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பூஜைக்காக நின்றது என்று ஆங்கிலத்தில் எழுத எனக்கு வெட்கமாக இருந்தது. பத்து நிமிஷம் என்று அனுமதி கொடுத்தது யார் என்ற கேள்வியும் வரும்.

மாதம் முடிவதற்குள் மூடிவிட்டார்கள். அந்தக் கடைசி நாட்களில் அவர் என் கண்ணில் படாமல் வேலை பார்த்தார். அது எலிக்குத்தான் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும் என்று தெரிந்தும் நான் சொல்லவில்லை. கோபம் ஒரு வாரத்தில் ஆறிவிட்டது. ஆனால் அதைச் சொல்வதென்றால், நான் அன்று கண்ணாடியில் காட்டியது வெறும் ஜம்பம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் எனக்கு வாய் வரவில்லை. அவர் ராயக்கோட்டையில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் சேர்ந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். நான் கிருஷ்ணகிரியில் கல்லூரி வேலைக்குப் போனேன். தொட்டியைப் பற்றி ஒரு வகுப்பில்கூடப் பேசியதில்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாடியில் என் வீட்டுக் கதவைத் தட்டி ஒரு பெண் நின்றாள். அப்பா பெயரைச் சொன்னாள். எனக்கு உட்காரச் சொல்லக்கூடத் தோன்றவில்லை. அவளே உட்கார்ந்து, தட்டில் பழம் வெற்றிலை வைத்துக் கல்யாணப் பத்திரிகையை நீட்டினாள். சர்க்கரை போடாமல் காபி கேட்டாள். கைப்பையில் இருந்து பேனா போன்ற ஊசியை எடுத்து, பேசிக்கொண்டே வயிற்றில் போட்டுக்கொண்டாள். ஏதோ கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலையாம். மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியுமாம்.

"அப்பா வரலையாம்மா?"

"கீழ நிக்கறாரு மேடம். மேல வர மாட்டேன்னுட்டாரு."

காபியைக் குடித்து முடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

"மேடம், பத்திரிகை ஒரு சாக்குதான். போன மாசம் அப்பா என்கிட்ட மன்னிப்பு கேட்டாரு. கல்யாணத்துக்கு முன்னாடி சொல்லிடணும், இல்லன்னா மனசு ஆறாதுன்னு அழுதாரு. உனக்கு வர வேண்டியத நான்தான் கொன்னுட்டேன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல. அதான் உங்களக் கேக்கலாம்னு வந்தேன். அந்த டேங்க் நிக்காம ஓடியிருந்தா, எனக்கு ஏதாவது கெடைச்சிருக்குமா?"

"இல்லம்மா" என்றேன். "அது எலிக்கு. இன்னிக்கு வரைக்கும் ஆராய்ச்சில சேர்ந்த சிலரைத் தவிர, உன்னை மாதிரி ஊசி போட்டுக்கறவங்களுக்கு அது வரல. அன்னிக்கு ஓடியிருந்தாலும் உனக்கு ஒண்ணும் வந்திருக்காது."

"அது அன்னிக்கே உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் கோபப்படவில்லை. பத்திரிகைப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அப்ப கீழ வந்து அவர்கிட்ட சொல்லிடுங்க மேடம். நான் சொன்னா, என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றேன்னுதான் நெனைப்பாரு."

படியில் அவள் முன்னால் இறங்கினாள். அவர் வேப்பமரத்தடியில் வண்டிப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். நான் வாயைத் திறக்கும் முன்பே, "அன்னிக்கு உங்க உழைப்பையெல்லாம் பாழாக்கிட்டேனுங்க மேடம்" என்றார்.

"அண்ணே, அந்த டேங்க் ஓடியிருந்தாலும் பாப்பாவுக்கு ஒண்ணும் வந்திருக்காது. நான் அன்னிக்குச் சொன்னது பொய்."

அவர் மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்ப வரும்னு மொதல்ல காட்டினீங்களே, அது?"

"அதுவும்தான்."

அவர் குனிந்து செருப்பைத் திரும்பப் போட்டுக்கொண்டு, வண்டியில் உட்கார்ந்து, மகள் ஏறும் வரை காத்திருந்தார்.

"கல்யாணத்துக்கு வந்துடுங்க மேடம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.